சொதியில் தொடங்குங்கள்: எதையும் தொடாத விருந்தாளிக்கு நெல்லைச் சாப்பாட்டைப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்க்காரரையே கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை முதல் முறை பாளையங்கோட்டைக்கு வந்த மறுநாளே ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. யோசிக்காமல் பந்தியில் உட்காரவைத்துவிட்டோம். இலை நிறைய வெஞ்சனம், பின்னாலேயே வாளி வாளியாகக் குழம்பு. மனிதர் அரை மணி நேரத்தில் சாப்பிட்டது இரண்டு அப்பளமும் ஒரு வாழைப்பழமும். இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல, ஓரத்தில் கிடந்த மோர் மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டார். அதன்பின் ஊருக்குப் போகும்வரை பிரெட்டும் வெண்ணெயும்தான். "ஒண்ணுமே சாப்பிட மாட்டுக்காரே" என்று எங்கள் அம்மா அழாத குறை.

அவர் தன் ஊரிலேயே அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. காய் என்றால் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி. ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் எதையும் தொடமாட்டார். இரண்டாம் முறை பன்னிரண்டு நாள் தங்கப்போகிறார்கள் என்றதும் நான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அதில் எழுதியதும், எழுதியதில் தப்பாய்ப் போனதும்தான் கீழே இருப்பவை. வெளிநாட்டு மருமகனுக்கு மட்டுமல்ல, அங்கேயே பிறந்து வளர்ந்து கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

1. வருவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள்

"என்ன பிடிக்காது?" என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டியலுக்கு முடிவே இருக்காது. "வீட்டில் ஒரு வாரத்தில் என்னென்ன சாப்பிடுவார்?" என்று கேளுங்கள். மாப்பிள்ளையின் பட்டியலில் பதினோரு பொருள் வந்தது. காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் சாக்லேட் துகள் தூவிச் சாப்பிடுவாராம். அங்கே பெரியவர்களும் சாப்பிடும் சாதாரணக் காலை உணவு அது. அப்புறம் மசித்த உருளைக்கிழங்கு, பொரித்த உருளைக்கிழங்கு, வெறும் பாஸ்தா, பாலில் வெந்த இனிப்புச் சோறு, பான்கேக், இப்படி.

பட்டியலைத் திரும்பப் படித்தபோது ஒன்று புரிந்தது. அவர் ருசியைவிட வாயில் படும் பதத்தைத்தான் பார்க்கிறார். மொறுமொறுப்பு சரி, மொழுமொழுவென்று ஒரே சீராக மசிந்தது சரி. மெத்தென்று கடிக்கும்போது நடுவில் கறுக்கென்று ஏதாவது அகப்பட்டால் அவ்வளவுதான், தட்டு நகர்ந்துவிடும். சாம்பார் அவருக்கு ஏன் ஆகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. புளியும் காரமும் இருக்கட்டும். கரண்டியில் என்ன வரும் என்றே தெரியாத குழம்பு அது!

ஒவ்வாமை உண்டா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். நிலக்கடலை, முந்திரி எல்லாரும் கேட்பார்கள். ஐரோப்பாவில் பொட்டலத்தின்மேல் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் உண்டு. கடுகு இல்லாத தாளிதம் நம் வீட்டில் ஏது? இட்லிப் பொடியில் எள் இருக்கும். கோதுமை ஆகாதவர் என்றால் அல்வா கிடையாது என்று நமக்கே தெரியும். கடையில் வாங்கும் பெருங்காயத்தூளிலும் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும், அது பலருக்குத் தெரியாது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

2. அவர் பட்டியலுக்கு எதிரே நம் பலகாரத்தை எழுதுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வேலை. அவருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஒரே ஒரு அடி மட்டும் தள்ளி இருக்கும் நம் பண்டம் எது?

பான்கேக்குக்கு எதிரே முறுகலான நெய்த் தோசை. மேலே சீனி தூவி. நம் பிள்ளைகள் தின்னாததா? பாஸ்தாவுக்கு எதிரே இடியாப்பம், தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து. பொரித்த உருளைக்கிழங்குக்கு நம் வறுவல், மிளகாய்வத்தல் பொடி போடாமல் மஞ்சளும் உப்பும் மட்டும். மசித்ததற்குப் பூரிக்கிழங்கு, பச்சை மிளகாயும் கடலைப்பருப்பும் இல்லாமல். ரொட்டிக்கு ஆப்பம், அதன் நடுப்பகுதி அவருக்குப் பஞ்சு ரொட்டி மாதிரி இருந்ததாம். இனிப்புச் சோற்றுக்குப் பால் பாயாசம்.

எழுதும்போது நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காரம் ஆகாதவருக்குத் தயிர்ச்சோறு பாதுகாப்பு என்று நினைப்போம். நானும் நினைத்தேன். பாலும் அரிசியும் சேர்ந்தால் இனிப்பு என்று பழகிய நாக்குக்கு, குளிர்ந்து, புளித்து, உப்புப் போட்ட பால்சோறு என்பது பெரிய அதிர்ச்சி. ஒரு வாய் வைத்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தயிர்ச்சோற்றைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன்.

எதிர்பாராமல் ஒட்டியது சுக்குக் காப்பி. கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டிக் கொடுத்தேன். மோந்து பார்த்ததுமே, எங்கள் ஊர் ஸ்பெகுலாஸ் பிஸ்கட் வாசம் வருகிறதே என்றார். டிசம்பர் மாதம் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பிஸ்கட் அது. பட்டை, கிராம்பு, சாதிக்காய், இஞ்சி எல்லாம் போடுவார்களாம். எல்லாம் நம் கடல் வழியே அவர்கள் கப்பலில் போன சரக்குதான். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். ஊரைப் பிடித்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு பிடித்ததா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

3. சமையலறையில் மாற்றவேண்டியது கொஞ்சம்தான்

தனிச் சமையல் செய்யாதீர்கள். இரண்டு நாளில் சலித்துவிடும், அவருக்கும் குற்ற உணர்ச்சி. எல்லாருக்கும் செய்வதிலேயே, கடைசிக் கட்டத்துக்கு முன்னால் அவர் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

பச்சை மிளகாயைக் கீறாமல், காம்போடு முழுசாகப் போட்டு வேகவைத்து வெளியே எடுத்துவிடலாம். வாசம் இறங்கும், காரம் அவ்வளவாக இறங்காது. தாளிதத்தைத் தனிக் கரண்டியில் செய்து, அவர் பங்கை எடுத்த பிறகு கொட்டுங்கள். கறிவேப்பிலை வாசம் வேண்டுமென்றால் கொத்தாகவே போட்டு எடுத்துவிடுங்கள்.

கொத்தமல்லித் தழையைக் கடைசியில் தூவும் பழக்கத்தை அந்தப் பன்னிரண்டு நாளும் மறந்துவிடுங்கள். சிலருக்கு அது சோப்பு மாதிரி நாறும். பாசாங்கு இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, வாசனை உணரும் மரபணு ஒன்றில் உள்ள வேறுபாட்டோடு இதைத் தொடர்புபடுத்தியது.

தோசை மாவு அதிகம் புளிக்காததாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிற மாவில் நமக்கு ருசி, அவருக்கு 'கெட்டுப்போச்சோ' என்ற சந்தேகம்.

"மிளகாய் இல்லாம என்ன சமையல்" என்று வீட்டில் பெரியவர்கள் முணுமுணுத்தால் ஒன்று சொல்லலாம்: மிளகாயே நம் ஊருக்கு வந்த விருந்தாளிதான். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப மிளகைப் போடு" என்றாள்.

4. முதல் நாள்: தோசை, பழம், தூக்கம்

விமானம், சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் என்று வந்து இறங்கியவருக்கு விருந்து வேண்டாம். சீனி தூவிய தோசை, ஒரு கப் பால் காப்பி, வாழைப்பழம். சட்னியைத் தோசைமேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் தூரமாக வையுங்கள். ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் சாப்பிடாத ஆள்கள் உண்டு. குழிகளுள்ள எவர்சில்வர் தட்டு இதற்கு வெகு உதவி. வாழையிலை அழகுதான், ஆனால் இலையில் ரசம் எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியது, அல்லது சீல் உடைக்காத பாட்டில். வயிற்றுக்கு ஒருமுறை வந்துவிட்டால் பழி எல்லாம் நம் சாப்பாட்டின்மேல் விழும். பிறகு எதையும் வாயில் வைக்க மாட்டார்.

5. இரண்டாம் நாள்: சொதி

வெளிநாட்டுக்காரர்கள் 'இந்தியச் சாப்பாடு' என்று அறிந்திருப்பது பெரும்பாலும் பஞ்சாபி ஓட்டல் சாப்பாடு. வெண்ணெயும் தக்காளியும் மிதக்கும் கறி, நான் ரொட்டி. நம் பக்கத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம். நம்மிடம் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி இருக்கிறது.

மறுவீட்டு விருந்தில் சொதிதான் வைப்போம். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். யோசித்துப் பாருங்கள், புது வீட்டில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் புது மனிதருக்கு என்று நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது புளி இல்லாத, வத்தல் இல்லாத, மசாலா இல்லாத, வெள்ளை வெளேரென்ற ஒரு குழம்பு. தெரிந்து செய்தார்களோ, தேங்காய் மலிந்த ஊர் என்பதால் செய்தார்களோ, நமக்கு வேலை மிச்சம்.

நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். துருவி அரைத்து முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் ஒன்றரை, மூன்றாம் பால் ஒன்றரை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்து, மசிய வேகவையுங்கள். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், பத்துப் பீன்ஸ், ஒரு பிடி பட்டாணி. வழக்கமாக முருங்கைக்காய் போடுவோம். விருந்தாளிக்கு வேண்டாம், காரணம் கீழே வருகிறது. பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கீறாத பச்சை மிளகாய் இரண்டு. (நமக்கு என்றால் ஐந்தாறு, கீறி.)

வெங்காயம், பூண்டு, மிளகாயை நெய்யில் நிறம் மாறாமல் வதக்கி, காய்களைப் போட்டு மூன்றாம் பாலில் வேகவிடுங்கள். காய் முக்கால் வெந்ததும் பருப்பும் இரண்டாம் பாலும் உப்பும். காய் முழுதும் வெந்து, எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வந்த பிறகு, தீயை நன்றாகத் தணித்து முதல் பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் ஓர் அங்குல இஞ்சியின் சாறும் அரை மூடி எலுமிச்சைச் சாறும். அவசரப்பட்டு அடுப்பிலேயே எலுமிச்சை பிழிந்தீர்கள் என்றால் அதுவும் திரியும். மஞ்சள் போடாதீர்கள், சொதி வெள்ளையாக இருக்க வேண்டும்.

அவருக்கு வைக்கும்போது வெங்காயத்தையும் பூண்டையும் பொறுக்கிவிட்டு, தெரிந்த மூன்று காய் மட்டும் கரண்டியில் வருமாறு ஊற்றினேன். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாமல் எங்களுக்கு ஆகாது, அதைக் கண்ணில் காட்டியதோடு சரி. முதலில் சோற்றில் ஊற்றாமல் கிண்ணத்தில் சூப் மாதிரி கரண்டியால் குடித்தார். இரண்டாம் கிண்ணம் கேட்டார். அம்மா உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தடுத்து உட்காரவைக்க நான் பட்ட பாடு!

6. எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்

நாம் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது. கறிவேப்பிலையை ஓரம் தள்ளலாம். தாளித்த வத்தலைக் கடிக்க வேண்டாம். கிராம்பு, பட்டை, ஏலக்காய் எடுத்துப் போடத்தான். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். மாப்பிள்ளை முதல் பயணத்தில் ஒரு துண்டு முருங்கைக்காயைச் சக்கையோடு மென்று மென்று விழுங்கியே விட்டார் என்பது மூன்று வருஷம் கழித்து அக்கா மகள் சொல்லித்தான் தெரியும். பாவம்.

இலையில் மிச்சம் வைப்பது தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே இரண்டு சொல்: 'போதும்', 'கொஞ்சமா'. போதும் என்று வாயால் சொன்னால் மட்டும் நம்மவர்கள் விடமாட்டார்கள், இலைக்குமேல் கையை நீட்டி மறைக்கவும் கற்றுக்கொடுங்கள். கையால்தான் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஸ்பூன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

7. மூன்றாம் நாளிலிருந்து, தினம் ஒரு கரண்டி

ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்த உணவு இரண்டு, புதுசு ஒன்று, அதுவும் ஒரே கரண்டி. பிடிக்கவில்லை என்றால் துப்புவதற்குக் காகிதத் துண்டு பக்கத்தில். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கவே துணிச்சல் வரும். குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு தடவை 'வேண்டாம்' என்றதும் அந்தப் பண்டத்தை அடித்துவிடாதீர்கள். இரண்டு நாள் விட்டு, வேறு உருவத்தில் கொண்டுவாருங்கள். இட்லி 'ஈரப் பஞ்சு' என்று ஒதுக்கப்பட்டது. துண்டுதுண்டாக வெட்டி நெய்யில் பொன்னிறமாக வறுத்து வைத்தேன், எட்டுத் துண்டு போனது.

உளுந்தஞ்சோறு இந்த வரிசையில் நல்ல தேர்வு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, வறுத்த வாசம், தேங்காய், பூண்டு, கொஞ்சம் வெந்தயம். காரமே கிடையாது. ஆனால் தோலோடு போட்டால் கறுப்புக் கறுப்பாகத் தெரியும். முதல் தடவை வெள்ளை உளுந்தில் செய்து, ருசி பழகிய பிறகு தோல் உளுந்துக்குப் போனோம். எள்ளுத் துவையல் நமக்கு மட்டும். கூட்டாஞ்சோறு பத்தாம் நாள் முயன்றேன். எல்லாக் காயும் முருங்கைக்கீரையும் ஒன்றாகக் கிடக்கும் பண்டம் அல்லவா, கரண்டி பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அவியல் அதே கதை.

8. காரம் ஏறிவிட்டால்

தண்ணீர் கொடுக்காதீர்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும். பால், தயிர், ஒரு ஸ்பூன் சீனி, ஒரு துண்டு கருப்பட்டி, இவற்றில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது. நாக்கின் நரம்பு நுனியில் சூட்டை உணரும் அதே உணர்வாங்கியைத்தான் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் உண்மையிலேயே சுடுகிற மாதிரி இருக்கும். அந்த உணர்வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆக, 'சும்மா நடிக்கிறார்' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

9. வெளியே கூட்டிப்போகும்போது

'காரம் இல்லாமல்' என்று ஓட்டலில் சொன்னால் போதாது. ஓர் ஓட்டலில் அப்படிச் சொல்லித்தான் வெண்பொங்கல் வாங்கினேன். முழு மிளகு. கேட்டால், "பொங்கல்ல ஏதுக்கா காரம்?" என்கிறார் சர்வர். அவர் சொல்வதும் சரிதான், நமக்குக் காரம் என்றால் மிளகாய். 'மிளகும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்லுங்கள்.

பரோட்டா ஏறக்குறைய எல்லாருக்கும் பிடிக்கும். குற்றாலம் போனால் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் பரோட்டா. ஒரே எச்சரிக்கை: பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றிவிடுவார்கள். ஆர்டர் சொல்லும்போதே 'சால்னா தனியா' என்று சொல்லிவிட வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

அல்வாவுக்கு நெல்லையப்பர் கோயில் முன்னே சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கும் நேரம் போனோம். சூடாக, இலையில், ஐம்பது கிராம். நெய் விரலில் வழிவதைப் பார்த்து முதலில் தயங்கினார். இப்படி வழுக்கும் பதம் எதுவும் அவர் பட்டியலில் இல்லை என்பதால் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் கரைந்து போய்விடுகிறதே, மெல்ல என்ன இருக்கிறது? இலையை வழித்தார். பின்னாலேயே ஒரு பிடி மிக்சரை நீட்டினேன். கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார்.

10. சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

மசாலாவைக் குறைப்பது சுலபம். சித்தப்பாவை அடக்குவதுதான் கஷ்டம். "என்ன மாப்ளே, கோழி மாதிரி கொறிக்கிய" என்று ஒரு கேலி போதும், நாலு நாள் உழைப்பு வீண். எங்கள் வீட்டில் மூன்று சட்டம் போட்டேன். அவர் தட்டைப் பார்க்கக் கூடாது. கேட்காமல் பரிமாறக் கூடாது. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் கைதட்டக் கூடாது. மூன்றாவதுதான் அம்மாவுக்கு முடியவில்லை. "எய்யா, சாப்பிட்டுட்டீயளா!" என்று கன்னத்தைத் தடவிவிடுவாள். அதை அவர் ரசித்ததால் விட்டுவிட்டேன். விருந்துக்குப் போகும் வீட்டில் இதையெல்லாம் அமலாக்க முடியாது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், அங்கே அப்பளமும் பாயாசமும் போதும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இது வெறும் பிடிவாதமோ பழக்கமோ இல்லை. உடம்பு எடை குறைந்து, சத்துக்குறைவு வந்து, நாலே நாலு பொருளில் வாழ்கிறார் என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-லேயே அதைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. சொதியால் தீராது, வற்புறுத்தினால் கூடும்.

11. ஊருக்குப் போகும்போது

அப்பளம், இடியாப்ப உழக்கு, சுக்குத்தூள், கருப்பட்டி கட்டிக் கொடுத்தோம். நெய் கொடுக்காதீர்கள், ஐரோப்பிய நாடுகளில் வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை உண்டு. சொதி செய்முறையை அக்கா மகள் எழுதிக்கொண்டாள். அங்கே டப்பாவில் வரும் தேங்காய்ப்பால் கெட்டியாக இருக்கும். அதையே முதல் பாலாக வைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்து மற்ற இரண்டு பாலையும் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு நாளில் பதினோரு பொருள் பட்டியல் பத்தொன்பது ஆனது. சாம்பார் இன்னும் இல்லை. தயிர்ச்சோறு, சீனி போட்டால் மட்டும். பாகற்காயை நான் வைக்கவே இல்லை, அது எனக்கே பிடிக்காது.